செவ்வாய்க்கிழமை பார்த்த சாவடி

முனிரத்தினம் வளைந்துபோன கடப்பாரையை இரண்டு கைகளிலும் ஏந்திக்கொண்டு என்னிடம் வந்தார். கோயிலிலிருந்து பிரசாதத் தட்டு கொண்டுவருகிறவர்போல அவ்வளவு பணிவாக ஏந்தியிருந்தார். வெயிலில் சூடேறியிருந்ததால் அதில் துண்டைச் சுற்றிப் பிடித்திருந்தார்.

"சார், ஒரு சந்தேகமுங்க. இன்னைக்கோ நாளைக்கோ தானா வுழுந்துடும்னு நீங்க எழுதுன கட்டடம் இதுதானுங்களா? இல்ல, பக்கத்துல வேற ஏதாச்சும் இருக்குதுங்களா?"

முனிரத்தினம் பாப்பாரப்பட்டிக்காரர். சாவடியை இடித்துக் கொடுக்கும் வேலையை ஒப்பந்தம் எடுத்திருந்தவர். அவருக்குப் பின்னால் அவருடைய ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் வேலையை நிறுத்திவிட்டு என் பதிலுக்காக நின்றார்கள். புளியமரத்தடியில் ஊர்க்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று நாட்களாக அவர்களுக்கு வேறு பொழுதுபோக்கு தேவைப்படவில்லை. வறுத்த கடலையை மடியில் கட்டிக்கொண்டு காலையிலேயே வந்து இடம் பிடித்துவிடுவார்கள்.

நான் குடையை விரித்தேன். முகத்தை மறைக்க வேறு ஏதும் கையில் இல்லை.

"அஸ்திவாரம் கொஞ்சம் கெட்டியாக இருக்கலாம்" என்றேன்.

"அஸ்திவாரத்துக்கு இன்னும் போவவே இல்லீங்களே. இது மேல் செவுருங்க."

புளியமரத்தடியில் யாரோ இருமினார்கள். இருமல் அங்கிருந்து பரவியது. அது இருமல் அல்ல என்பது எனக்கும் தெரியும்.

ஒரு கடிதம்

இத்தனை வாரங்களாக நான் கட்டிய பாலங்களைப் பற்றியும் போட்ட ரோடுகளைப் பற்றியும் இந்தப் பத்திரிகையில் எழுதிவந்திருக்கிறேன். சென்ற வாரம் தொப்பூர்க் கணவாயில் என் சைக்கிள் என்னை விட்டுவிட்டுத் தனியாகப் போன கதையைக்கூட எழுதினேன். நான் இடித்ததைப் பற்றி ஒரு வரி எழுதவில்லை. மறந்துபோனதால் அல்ல.

இப்போது எழுதக் காரணம், போன மாதம் வந்த ஒரு கடிதம். வத்தல்மலை அடிவாரத்தில் ஈச்சம்பள்ளம் என்று ஒரு சந்தை ஊர். அங்கே பழைய சாவடியில் மிச்சமிருக்கும் ஒரு பகுதியில் ஊர் இளைஞர்கள் படிப்பகம் நடத்துகிறார்கள். அதற்கு ஆண்டுவிழா. 'இந்தப் பழமையான கட்டிடத்தை இடிபடாமல் காத்த பொறியாளர் என்ற முறையில்' எனக்குப் பொன்னாடை போர்த்தப் போகிறார்களாம். ஆதாரமும் வைத்திருக்கிறார்கள். கட்டிடம் உறுதியாக இருக்கிறது, பயன்படுத்தலாம் என்று நான் கையெழுத்திட்ட ஒரு பழைய அறிக்கை எங்கிருந்தோ அவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

அதே கையெழுத்தில் அதற்கு முந்தைய அறிக்கை ஒன்று உண்டு. அதைக் கரையான் தின்றிருக்க வேண்டும். கரையானுக்கு என்மேல் எவ்வளவு அன்பு.

கடிதத்தை என் சின்ன மகளிடம் காட்டினேன். "நீங்களாப்பா காப்பாத்தினீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு வகையில்" என்றேன்.

எழுபதைத் தாண்டிய பிறகும் பொய் இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தேன். பிறகு பேனாவை எடுத்தேன்.

நான் அப்போது வேலை பார்த்த அலுவலகத்தின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் தவறு அலுவலகத்தினுடையது என்று உங்களில் சிலர் எனக்காகப் பரிந்து பேசுவீர்கள். தவறு என்னுடையதுதான்.

குடை முனைப் பரிசோதனை

இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய வருஷம். தருமபுரி அப்போது தனி மாவட்டம் இல்லை. எல்லாம் சேலம் ஜில்லா. நான் சென்னையில் படிப்பை முடித்துவிட்டு ஓவர்சியராகத் தருமபுரிக்கு வந்திருந்தேன். ஒரு சைக்கிள், ஒரு குடை, தலை நிறையக் கர்வம்.

ஈச்சம்பள்ளத்திலிருந்து ஒரு மனு வந்தது. எழுதியவர் அங்கே பிரசவம் பார்க்க நியமிக்கப்பட்டிருந்த கிருபையம்மா. முறையாகப் படித்துத் தேறிய மருத்துவச்சி. பென்னாகரத்தில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு இங்கே மாற்றலாகி வந்தவர். வயது முப்பத்தைந்து இருக்கும். அவருக்கு வேலை கொடுத்தவர்கள் இடம் கொடுக்கவில்லை. ஆகவே ஊரின் பழைய சாவடியில் வடக்குப் பகுதியைத் தனக்குப் பிரசவ அறையாகக் கொடுக்கும்படி கேட்டிருந்தார். வேண்டியவை மூன்றே: ஒரு கதவு, சுவருக்கு வெள்ளை, வெந்நீர் வைக்க ஓர் அடுப்பு.

என்னைப் போய்ப் பார்த்து எழுதச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை போனேன்.

சாவடியை யார் கட்டினார்கள் என்று யாருக்கும் தெரியாது. திப்பு காலம் என்பார்கள். அதற்கும் முன்னே என்பார்கள். முன்னால் கல்தூண் நிறுத்திய நீளத் தாழ்வாரம். உள்ளே நடுவில் திறந்த முற்றம், ஒரு கிணறு, சுற்றிலும் நான்கு கட்டுகள். ஒரு முழத்துக்கு மேல் கனமான சுவர்கள். வெளியே சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே கால் வைத்ததும் உடம்பில் தண்ணீர் தெளித்தது போலிருந்தது. அதை நான் ரசித்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ரசித்ததை அறிக்கையில் எழுதும் வழக்கம் எங்கள் படிப்பில் இல்லை.

என் பரிசோதனை இதுதான். குடை முனையால் சுவரைக் குத்தினேன். மேல்பூச்சு ஒரு வட்டில் அளவு பெயர்ந்து விழுந்தது. குறித்துக்கொண்டேன். தரை சுத்தமாக இருந்தது. ஓர் இலை, ஒரு பீடித்துண்டு, ஆட்டுப் புழுக்கை எதுவும் இல்லை. ஒரு மூலையில் விறகுக் கட்டுகள் அடுக்கியிருந்தன. கூப்பிட்டுப் பார்த்தேன். யாரும் இல்லை. குறித்துக்கொண்டேன்.

அறிக்கையை இங்கிலீஷில் எழுதினேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'கட்டிடம் மிகப் பழையது. சாந்து உளுத்துவிட்டது. எந்த நேரமும் விழக்கூடும். ஆள் நடமாட்டத்தின் அறிகுறி ஒன்றும் இல்லை. எவரோ அனுமதியின்றி விறகு பதுக்கியிருக்கிறார்கள். இடித்துவிட்டு அதே இடத்தில் புதிய ஆஸ்பத்திரி கட்டலாம்.'

ஈச்சம்பள்ளத்தில் சந்தை வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை பொழுது சாய்வதற்குள் மலையிலிருந்து ஐம்பது அறுபது பேர் சாமை மூட்டை, கடுக்காய், தேன் என்று தலைச்சுமையோடு இறங்குவார்கள். சாவடியில்தான் தங்குவார்கள். சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பிவிடுவார்கள். கிளம்புமுன் தரையைக் கூட்டி, சாணம் தெளித்து, அடுத்து வந்து தங்கப்போகிறவருக்காக ஆளுக்கு நாலு சுள்ளியாவது மூலையில் வைத்துவிட்டுத்தான் போவார்கள். அப்படி ஒரு வழக்கம். தங்கியவர் துப்புரவு செய்யாமல் போனால் வழியில் கால் இடறும் என்று நம்பினார்கள்.

ஆகவே எப்போது யார் போய்ப் பார்த்தாலும், சந்தை நாள் தவிர, சாவடி அப்படித்தான் இருக்கும். துடைத்துவைத்த மாதிரி, ஆளே இல்லாத மாதிரி. அவர்கள் சுத்தமாக வைத்திருந்ததையே அவர்கள் இல்லாததற்குச் சாட்சியாக எழுதினேன். நாலு எச்சில் இலையைப் போட்டுவைத்திருந்தால் அந்தக் கட்டிடம் ஒருவேளை பிழைத்திருக்கும்.

போர்ட்டிகோவில் ஒரு கார்

அறிக்கைக்குப் பின்னால் ஒரு ஆசை இருந்தது. அதையும் மறைப்பானேன்.

படிக்கும்போது நான் வரைந்த ஆஸ்பத்திரிப் படம் ஒன்று பெட்டியில் இருந்தது. எட்டுப் படுக்கை, மங்களூர் ஓடு, முன்னால் வளைவுகளோடு ஒரு போர்ட்டிகோ. போர்ட்டிகோவின் கீழே ஒரு மோட்டார் கார் நிற்பதாக வரைந்து, அதற்கு நீல மை பூசியிருந்தேன். இரண்டு பக்கமும் தென்னை மரங்கள். ஈச்சம்பள்ளத்துக்குக் கார் வருகிற பாதை கிடையாது. தென்னையும் கிடையாது. அந்தப் படத்தை எங்காவது ஒரு பூமியில் இறக்கி வைத்துவிட வேண்டும் என்பதுதான் எனக்கு முக்கியம். சாவடி இருந்த இடம் அதற்கு அளவெடுத்தது மாதிரி இருந்தது. சாவடிதான் குறுக்கே நின்றது.

கிருபையம்மா தருமபுரிக்கு வந்து என் மேஜைக்கு முன்னால் நின்றார். படத்தை விரித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது என்னதுங்க, முன்னால?"

"போர்ட்டிகோ."

"இங்க யாருக்குங்க பிரசவம் பாக்கறது? காருக்குங்களா?"

நான் படத்தைச் சுருட்டினேன்.

"சார், கோவிச்சுக்காதீங்க. ஒரு வெள்ளிக்கெழம வந்து பாருங்க. மலைப் பொம்பளைங்க ஆசுபத்திரின்னா வாசப்படி மிதிக்க மாட்டாங்க. கேட்டைப் பாத்தாலே திரும்பிடுவாங்க. சாவடிக்கு மட்டும் யாரையும் கேக்காம வருவாங்க. அவங்க பாட்டன் பூட்டன் காலத்துலருந்து தங்குன எடம். மூணு வருஷமா மலை ஏறி எறங்கி இப்பத்தான் ஒருத்தி சரின்னிருக்கா. வெள்ளச்சின்னு பேரு. ரெண்டு புள்ள பொறந்ததும் போச்சு. மூணாவது வயித்துல இருக்குது. 'சாவடின்னா வரேன் ஆத்தா, ஆசுபத்திரின்னா மாட்டேன்'னு சொல்லியிருக்கா. அவ ஒருத்தி வந்து நல்லபடியா புள்ளயத் தூக்கிட்டுப் போனா, மத்தவங்க தானா எறங்கி வருவாங்க."

"பழக்கினால் ஆஸ்பத்திரிக்கும் வந்துவிடுவார்கள் அம்மா."

"நான் பழக்கிட்டுதானுங்க இருக்கறேன். நீங்க இந்த ஊர்ல எத்தன வருஷம் இருப்பீங்க?"

அது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்குப் பட்டது. படித்தவனிடம் பதில் இல்லாத கேள்வி கேட்டால் அதற்கு அந்தப் பெயர்தான். "ஆக வேண்டியதைப் பார்க்கிறேன்" என்றேன். எங்கள் அலுவலகத்தில் அதற்கு 'ஆகாது' என்று அர்த்தம். அவருக்கும் தெரியும். ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

சுவரில் இருந்தது

கடப்பாரை ஏன் வளைந்தது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

பழைய ஆட்கள் சுண்ணாம்பை மாதக்கணக்கில் ஊறவைத்து, கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லமும் விட்டு அரைத்துக் கட்டியிருந்தார்கள். அது நாளாக நாளாக இறுகிக் கல்லாகிவிடும். வெயிலும் மழையும் பட்டு மேல்பூச்சு மட்டும் உதிரும். உதிர்ந்தால் மறுபடி பூச வேண்டியதுதான். நாம் சட்டை மாற்றுகிறோம் அல்லவா, அந்த மாதிரி. நான் சட்டைக் கிழிசலைப் பார்த்துவிட்டு ஆளுக்கு உயிர் இல்லை என்று எழுதிய வைத்தியன்.

கடுக்காய் எங்கிருந்து வந்திருக்கும்? வேறு எங்கிருந்து. அதே மலையிலிருந்துதான். தலைச்சுமையாகத்தான். அந்தச் சுவர் எனக்கு வளையாததில் நியாயம் இருந்தது.

இதெல்லாம் நான் பின்னால் தெரிந்துகொண்டது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், முனிரத்தினத்தின் ஆட்கள் கல்தூண்களை நெம்பித் தாழ்வாரத்தை மட்டும் ஒருவழியாகக் கீழே இறக்கினார்கள் என்பதுதான். பிறகு தெற்குக் கட்டு. அதற்கு மட்டும் இருபது நாள் ஆயிற்று. நான் சைக்கிளை மிதித்து வந்து, குடையை விரித்து, இருமல் சத்தத்தைக் கேட்டுவிட்டுத் திரும்புவேன்.

"யாருக்குங்க?"

அன்றைக்கும் அப்படித்தான் போயிருந்தேன். சந்தை நாள் இல்லை. மத்தியான வெயில். எங்கும் சுண்ணாம்புப் புழுதி. தாழ்வாரம் இருந்த இடத்தில் தூண்கள் படுத்துக்கிடந்தன. அவற்றில் ஒன்றின்மேல் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். இடுப்பைக் கையால் தாங்கிக்கொண்டு, மூச்சை வாயால் விட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு கிழவி, கையில் பழந்துணி மூட்டையும் ஒரு சட்டியும். கூட வந்த ஆள் தலையில் ஒரு விறகுக் கட்டு வைத்திருந்தார்.

விறகு விற்க வந்தவர்கள் என்று நினைத்தேன்.

அவர் கட்டை இறக்கிவிட்டு, தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். பெயர் சடையன் என்று பின்னால் தெரிந்தது.

"சாமி, நர்ஸம்மா இல்லீங்களா?"

"பக்கத்து ஊருக்குப் போயிருக்கிறார்கள்."

"இங்க தங்கிக்கலாமுங்களா சாமி?"

பரம்பரை பரம்பரையாக யாரையும் கேட்காமல் தங்கிய இடத்தில், முதல்முறையாக ஒருவர் அனுமதி கேட்டார். கேட்டது என்னிடம்.

"இங்கே யாரும் தங்கக்கூடாது. கட்டிடம் ஆபத்து. அதோ எழுதிப் போட்டிருக்கிறது பார்" என்றேன். நான் காட்டிய பலகையை அவர் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. எனக்கு அந்தப் பெண்ணைப் பார்க்கத் தெரியவில்லை.

இன்னும் கொஞ்சம் நின்றார். நான் முனிரத்தினத்திடம் ஏதோ அளவு சொல்லத் தொடங்கிவிட்டேன். திரும்பிப் பார்த்தபோது மூவரும் மலைப்பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் நடுவில் நின்று நின்று அந்தப் பெண்ணுக்காகக் காத்திருந்து போனார். விறகுக் கட்டு மட்டும், மூலை இருந்த இடத்தில், மூலையே இல்லாத வெட்டவெளியில், சரியாகச் சாத்தி வைக்கப்பட்டிருந்தது.

அந்த விறகில் அன்று சாயங்காலம் எங்களுக்கு டீ போட்டார்கள். நானும் குடித்தேன்.

நாலு நாள் கழித்துக் கிருபையம்மா தருமபுரிக்கு வந்தார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"வெள்ளச்சி வந்துச்சாமுங்களே."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"நான் பொழுது எறங்கறதுக்குள்ள திரும்பிட்டேனுங்க. கொஞ்சம் இருக்கச் சொல்லியிருந்தீங்கன்னா..." நிறுத்திக்கொண்டார். பிறகு கேட்டார். "நீங்க என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

"கட்டிடம் ஆபத்து என்று சொன்னேன்."

"யாருக்குங்க?"

அவர் குரலை உயர்த்தவில்லை. கேட்டுவிட்டுப் போய்விட்டார். மலைப்பாதையில் பாதி வழியில் தாயும் போனாள், பிள்ளையும் போயிற்று. எந்த ஃபைலிலும் இது இல்லை. நான் எழுதவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

தானாக நின்றது

உடனே ஓடிப்போய் இடிப்பதை நிறுத்தினேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் நிறுத்தவில்லை. அது தானாக நின்றது.

முனிரத்தினம் ஒன்றரை மாதம் முட்டிமோதி, கிழக்கு மேற்குக் கட்டுகளையும் அரைகுறையாகத் தகர்த்துவிட்டு மேலதிகாரிக்கு ஒரு விண்ணப்பம் போட்டார். 'மேற்படி கட்டிடம் அளவுக்கு மீறி உறுதியாக இருப்பதால் ஒப்பந்தப்படி இடித்துத் தர இயலவில்லை.' அது ஃபைலில் என் அறிக்கைக்கு நேர் மேலே வந்து உட்கார்ந்தது. எங்கள் இன்ஜினியர் இரண்டையும் மாற்றி மாற்றிப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"எந்த நேரமும் விழும் என்கிறீர். இவர் எந்த நேரமும் விழாது என்கிறார். எது நிஜம்?"

"நான் பார்த்தபோது பலவீனமாகத்தான் இருந்தது சார்."

"இடிக்க இடிக்கப் பலமாகிறதோ?"

அவருக்குச் சிரிக்கவும் மனமில்லை. இதற்குள் யுத்தம் வந்துவிட்டது. இரும்பு இல்லை, சிமென்ட் இல்லை, புதிய ஆஸ்பத்திரி ஃபைலைக் கட்டி மேலே போட்டுவிட்டார்கள். என் கார், என் தென்னைகள் எல்லாம் பெட்டிக்குள் திரும்பின. முனிரத்தினம் கடைசியாக என்னிடம் சொல்லிக்கொண்டு போனது இது: "சும்னே சொல்லலீங்க சார், இனிமே நீங்க கெட்டியா இருக்குதுன்னு எழுதுனாத்தான் நான் இடிக்க வருவேன்."

மிஞ்சியது வடக்குக் கட்டும், கிணறும், முற்றத்தில் பாதியும். அடுத்த வாரமே கிருபையம்மா யாரையும் கேட்காமல் அதில் குடிபுகுந்தார். பெயர்ந்து கிடந்த கதவு ஒன்றை நிமிர்த்தி மாட்டினார். மாடக்குழிகளில் மருந்துப் புட்டிகளை வைத்தார். தானே வெள்ளை அடித்தார். பிறகு முறைப்படி ஒரு மனுவும் அனுப்பினார். அது என்னிடமே வந்தது.

நான் இரண்டாவது அறிக்கையை எழுதினேன். 'கட்டிடத்தின் எஞ்சிய பகுதி மிக உறுதியாக உள்ளது. பயன்படுத்தலாம். இடித்துப் பார்த்ததில் தெரியவந்தது.' ஈச்சம்பள்ளத்து இளைஞர்கள் கையில் இருப்பது இதுதான். கடைசி வரியை அவர்கள் கவனித்துப் படிக்கவில்லை போலிருக்கிறது.

மலைப் பெண்கள் திரும்பி வர எத்தனை வருஷம் ஆயிற்று என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை. யுத்தம் முடியும் தறுவாயில் என்று ஞாபகம். நான் கிணற்றுச் சுவர் அளக்கப் போயிருந்தேன். சடையன் தன் தங்கையை அழைத்துக்கொண்டு வந்தார். தலையில் விறகுக் கட்டு. நேராக என்னைப் பார்த்தார். தெரிந்துகொண்டார். ஒன்றும் கேட்கவில்லை. என்னைக் கடந்து உள்ளே போய், மூலையில் விறகைச் சாத்தினார்.

கட்டிடம் என்றால் கல்லும் சாந்தும் என்றுதான் நான் படித்துத் தேறியிருந்தேன். ஒருவர் யாரிடமும் கேட்காமல் உள்ளே போகலாம் என்பதும் அதில் ஒரு பாகம், அதைக் கட்டத்தான் அதிக காலம் பிடிக்கும் என்பதை அந்த மனிதர் என்னைக் கடந்து போன அந்த ஒரு நொடியில் படித்தேன். கல்லை நான் மறுபடி அடுக்கியிருக்க முடியும்.

மழையில்

நாடு சுதந்திரம் அடைந்த சமயம் என் மனைவிக்கு இரண்டாவது பிரசவம். தருமபுரியிலேயே ஆஸ்பத்திரி இருந்தது. "கிருபையம்மாகிட்டத்தான்" என்று பிடிவாதமாக இருந்தாள். என் மனைவிக்கு வெள்ளச்சி கதை தெரியாது. சாவடி என் பெயரைக் கெடுத்த கதை மட்டும் தெரியும். ஊரே சொல்லும் கதை ஆயிற்றே.

மாட்டுவண்டி கட்டிக்கொண்டு போனோம். ஐப்பசி மழை. பகலிலேயே இருட்டிக்கொண்டு கொட்டியது. மனைவியை உள்ளே படுக்கவைத்துவிட்டு நானும் வாசலுக்குள் ஒண்டப் போனேன்.

கிருபையம்மா கதவைப் பாதி சாத்தினார். தலை அங்கங்கே நரைத்திருந்தது.

"உள்ள வராதீங்க சார். கூரை எந்நேரமும் வுழுந்துடும்னு எழுதியிருக்கீங்க."

"அம்மா, மழை..."

"தாவாரத்துல நில்லுங்க."

கதவு சாத்திக்கொண்டது. அங்கே தாழ்வாரம் இல்லை என்பது அவருக்கும் தெரியும். அதை முதலில் இடிக்கச் சொன்னது நான். குடை காற்றில் மேலே திரும்பிக்கொண்டது. அதைச் சரிசெய்யவும் தோன்றவில்லை. வெள்ளச்சி உட்கார்ந்த தூண் அதே இடத்தில்தான் கிடந்தது. அதன்மேல் உட்கார மனம் வரவில்லை. பக்கத்தில் நின்றேன். உள்ளே என் மனைவி அலறும் ஒவ்வொரு தடவையும் நான் மலைப்பாதையைப் பார்த்தேன்.

சாயங்காலம் மழை விட்டபோது குழந்தை அழுதது. கிருபையம்மா கதவைத் திறந்து, நனைந்து நின்ற என்னை மேலும் கீழும் பார்த்தார். அப்போதுதான் அவர் முகத்தில் கொஞ்சம் கனிவு வந்தது.

"பொண்ணுங்க. ரெண்டு பேரும் நல்லாருக்காங்க. வாங்க, கூரை இன்னும் வுழுவலீங்க."

மூன்றாம் நாள் கிளம்பும்போது ஒரு சீமாற்றை என் கையில் கொடுத்தார். "வழக்கம் தெரியுமில்லீங்களா?"

தெரியும். கூட்டினேன். வாழ்க்கையில் முதல்முறை. மேற்கிலிருந்து கிழக்காகக் கூட்டி, மறுபடி குப்பையைப் பழைய இடத்துக்கே கொண்டுவந்து சேர்த்ததைக் கட்டிலில் கிடந்த என் மனைவி பார்த்துச் சிரித்தாள். சாணம் தெளித்தேன். கால்சட்டையோடு காட்டு ஓரம் போய் ஈரச் சுள்ளிகள் பொறுக்கி வந்து மூலையில் வைத்தேன். யாருக்கும் பற்றாத விறகு. ஆனாலும் வைத்தேன்.

பதில் கடிதம்

அந்தக் குழந்தைதான் "நீங்களாப்பா காப்பாத்தினீங்க?" என்று கேட்டவள். இந்த அத்தியாயத்தை அவள்தான் முதலில் படித்தாள். படித்துவிட்டுத் தாள்களை அடுக்கி வைத்தாள். பிறகு, "எந்தத் தூண்?" என்று மட்டும் கேட்டாள்.

கிருபையம்மா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. சடையன் இருக்கிறாரா என்று தெரியவில்லை. இருந்தால் என்னைவிட மூத்தவராக இருப்பார். அவர் தங்கையின் பிள்ளைகள் இருப்பார்கள்.

ஈச்சம்பள்ளத்து இளைஞர்களுக்கு நேற்றுப் பதில் எழுதினேன். பொன்னாடை வேண்டாம், ஆனால் வருகிறேன், எனக்குப் பேச வேண்டியது இருக்கிறது, நீங்கள் என்னைப் பாராட்ட வைத்திருக்கும் அறிக்கைக்கு முந்தைய அறிக்கை ஒன்று உண்டு, அதை நானே வாசிக்கிறேன் என்று எழுதினேன்.

இன்னொன்றும் எழுதினேன். அழைப்பிதழில் விழாவைச் செவ்வாய்க்கிழமை என்று போட்டிருக்கிறீர்கள். அன்றைக்கு வந்தால் சுத்தமான தரையும் உங்களைப் போன்ற நல்லவர்களும்தான் இருப்பார்கள். அந்தத் தவறை ஒருமுறை செய்துவிட்டேன். தயவுசெய்து சந்தை கூடும் வெள்ளிக்கிழமைக்கு மாற்றுங்கள். மலையிலிருந்து ஆட்கள் இறங்கியிருக்கும்போது நான் பேச வேண்டும்.